ஒரு முள்ளில் ஆறு கால்சியம்

பத்து வயதில் மனப்பாடம் செய்த பதினாறாம் வாய்ப்பாடு எழுபது வயதிலும் தடுமாறாமல் நாக்கில் வருகிறது. அதைப் படித்த நாளில் மூளையில் இருந்த புரதங்களில் பெரும்பாலானவை இன்று அங்கே இல்லை. நரம்பணுக்கள் என்னவோ பழையவைதான். அநேகமாகப் பிறப்பிலிருந்தே கூட வருபவை. ஆனால் அவற்றுக்குள் இருக்கும் புரதங்கள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ சிதைக்கப்படுகின்றன, அந்த இடத்துக்குப் புதியவை வந்துவிடுகின்றன. இத்தனை மாறிய பிறகும் வாய்ப்பாடு எப்படி மாறாமல் இருக்கிறது?

டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், தன் பிற்கால ஆண்டுகளை மூளைக்குக் கொடுத்தவர். 1984இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய ஒரு சிறு குறிப்பு இந்தக் கேள்வியைத்தான் நேராக எழுப்பியது. கேட்டதோடு நிற்காமல் ஒரு வழியும் சொன்னார். நினைவைத் தாங்கும் மூலக்கூறுகள் ஜோடியாக இருக்கலாம். ஒன்று அழிந்து அதன் இடத்துக்குப் புதியது வரும்போது, மிஞ்சியிருக்கும் பழையது தன் நிலையைப் புதியதற்கு ஏற்றிவிடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் அழியாதவரை தகவல் தப்பிக்கும்.

நம் ஓலைச்சுவடிகள் இப்படித்தான் பிழைத்தன. இந்தத் தட்பவெப்பத்தில் பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. செல்லரித்து உதிர்வதற்கு முன் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதால்தான் நூல்கள் நமக்குக் கிடைத்தன. மூளையில் அந்தப் பெயர்த்தெழுதும் வேலையை யார் செய்கிறார்கள் என்று தேடிப்போனவர்கள் வந்து சேர்ந்த இடம், இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ். அங்கே செல்லுக்குள் நடக்கும் வேதிச் சமிக்ஞைத் தொடர்கள்தாம் வளர்ந்த மூளையின் இணைப்புகளை ஓயாமல் கூட்டியும் குறைத்தும் தாங்கிப் பிடிக்கின்றன. அந்த வேலை நின்றால் இணைப்பும் நிலைக்காது.

சினாப்ஸின் அடிப்படை வேலை விரைவானது. மின்துடிப்பு நரம்பணுவின் முனைக்கு வந்ததும் அங்குள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியத்தை சினாப்டோடாக்மின் என்ற புரதம் பற்றிக்கொள்கிறது. சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகள் செல்சவ்வோடு ஒன்றிக் கலந்து, தமக்குள் இருந்த நரம்புக்கடத்தியை வெளியே கொட்டுகின்றன. எதிர்ப்பக்கம் வெறும் 20 நானோமீட்டர் தொலைவு. அங்குள்ள ஏற்பிகள் கடத்தியைப் பிடித்ததும் அடுத்த நரம்பணுவில் மின்னோட்டம் பிறக்கிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரு மில்லிவினாடிக்குள். இந்த நுண்பைப் போக்குவரத்தை விளக்கியதற்காக தாமஸ் சூடாஃப், ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன் மூவரும் 2013இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்த வேகத்தைப் பார்த்த நரம்பியலாளர்கள் பல காலம் மூளையை மின்சாரத்தால் மட்டுமே விளக்கப் பார்த்தார்கள். செல்லுக்குள் நொதிகள் மெதுவாகச் செய்யும் வேலைக்கு மூளையில் என்ன இடம் என்று கேட்டவர்கள் குறைவு. அதைக் கேட்டு, பல ஆண்டுகள் அலட்சியத்தைச் சந்தித்து, கடைசியில் நிறுவிக் காட்டியவர் பால் கிரீன்கார்ட். டோபமைன் போன்ற கடத்திகள் ஏற்பியைத் தொட்டதும் செல்லுக்குள் ஒரு நொதித் தொடர் கிளம்புகிறது. அதன் முடிவில் கைனேஸ் எனப்படும் நொதிகள் குறிப்பிட்ட புரதங்களின் மீது பாஸ்பேட் ஒன்றை ஏற்றிவைக்கின்றன. பாஸ்பேட் ஏறியதும் புரதத்தின் வடிவமும் குணமும் மாறுகின்றன. பாஸ்படேஸ் என்ற எதிர்வகை நொதிகள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றினால் புரதம் பழைய நிலைக்குத் திரும்பும். இந்த ஏற்றலும் இறக்கலும் வினாடிகளிலிருந்து மணிக்கணக்கு வரை நீடிக்கக்கூடியவை. சினாப்ஸ் அடுத்த மின்துடிப்புக்கு எவ்வளவு பலமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதை இவையே தீர்மானிக்கின்றன. 2000ஆம் ஆண்டு நோபல் பரிசை அர்விட் கார்ல்சன், எரிக் கண்டேல் ஆகியோருடன் கிரீன்கார்ட் பகிர்ந்துகொண்டார். அவரைப் பெற்றெடுத்தபோதே அவருடைய தாய் இறந்துவிட்டார். தன் பங்குப் பணத்தைக் கொண்டு, அந்தத் தாயின் பெயரில் பெண் விஞ்ஞானிகளுக்கான ஒரு விருதை அவர் நிறுவினார்.

இனி உள்ளே போவோம். மூளையில் பெரும்பாலான தூண்டும் சினாப்ஸ்களின் ஏற்கும் பக்கம், நரம்பணுவின் கிளைகளில் முளைத்திருக்கும் சின்னஞ்சிறு புடைப்புகளில் இருக்கிறது. ‘முள்’ என்றே அதற்குப் பெயர். ஒரு சிறிய முள்ளின் கொள்ளளவு ஒரு கன மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. செல் ஓய்வாக இருக்கும்போது உள்ளே கால்சியத்தின் செறிவு மிகக் குறைவு, சுமார் 100 நானோமோலார். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், ஒரு முள்ளுக்குள் கட்டின்றித் திரியும் கால்சியம் அயனிகள் ஏறக்குறைய ஆறு. ஆறாயிரம் இல்லை, ஆறு! வெளியே இருக்கும் திரவத்திலோ அதே கால்சியத்தின் செறிவு பத்தாயிரம் மடங்குக்கும் அதிகம். கால்சியத்தை விடாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்க செல் இவ்வளவு ஆற்றலைச் செலவிடுவதன் பயன் இங்கேதான் தெரிகிறது. உள்ளே ஏறக்குறைய எதுவும் இல்லாததால், கொஞ்சம் நுழைந்தாலும் அது பெரிய செய்தியாகிவிடுகிறது.

அந்தக் கால்சியம் நுழையும் முக்கிய வழி என்எம்டிஏ ஏற்பி. இதன் வேலைமுறையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. குளுட்டமேட் என்ற கடத்தி வந்து தொட்டால் மட்டும் இது கடத்தாது. இதன் துவாரத்தை ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கும். ஏற்கும் நரம்பணுவும் அதே நேரத்தில் பலமாகத் தூண்டப்பட்டிருந்தால்தான் மின்னழுத்தம் மாறி அந்த மக்னீசியம் விலகும். அதாவது, அனுப்புபவரும் ஏற்பவரும் ஒருசேர விழித்திருக்கும்போது மட்டுமே கால்சியம் உள்ளே வரும். இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாக நடந்தன என்பதை ஒரு தனி மூலக்கூறு கண்டுகொள்கிறது. 1984இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டறிந்தன.

உள்ளே வந்த கால்சியம் இணைப்பை வலுவாக்குமா, தளர்த்துமா? இரண்டையும் செய்யும். 1973இல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ இருவரும் ஓஸ்லோவில் முயலின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் வேகமான மின்துடிப்புத் தொடர்களைக் கொடுத்து, இணைப்பு மணிக்கணக்கில் வலுவாகவே நிற்பதைக் காட்டினார்கள். 1992இல் செரீனா டூடெக், மார்க் பேர் இருவரும் எலி மூளையில் அதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். 900 துடிப்புகளை வினாடிக்கு ஒன்று போல நிதானமாகக் கொடுத்தால் அதே வகை இணைப்பு தளர்ந்து, தளர்ந்தபடியே நிற்கிறது. இரண்டுக்கும் என்எம்டிஏ ஏற்பி வேண்டும், இரண்டுக்கும் கால்சியம் வேண்டும். வேறுபாடு கால்சியம் வந்த அளவிலும் விதத்திலும்தான் இருக்கிறது. கால்மோடுலின் என்ற சிறு புரதம் கால்சியத்தை நான்கு இடங்களில் பிடித்துக்கொண்டு மற்ற நொதிகளை எழுப்புகிறது. கால்சியம் கொஞ்சமாக, நீண்ட நேரம் கசிந்தால் முதலில் எழுவது கால்சினியூரின் என்ற பாஸ்படேஸ். அது குறைந்த கால்சியத்துக்கே விழிக்கும். இதன் தொடர் பாஸ்பேட்டுகளைக் கழற்றி இணைப்பைத் தளர்த்துகிறது. கால்சியம் குபீரென்று பாய்ந்தால் காம்கைனேஸ்-2 எழுந்து பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. ஒரே அயனி, எதிரெதிரான இரண்டு ஆணைகள்.

இந்த ஆணைகள் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஆம்பா ஏற்பி. சினாப்ஸில் மின்னோட்டத்தை உடனடியாக உண்டாக்குவது இதுதான். முள்ளின் மேற்பரப்பில் எத்தனை ஆம்பா ஏற்பிகள் நிற்கின்றன என்பதே பெரும்பாலும் அந்த இணைப்பின் பலம். ஆம்பா ஏற்பியே இல்லாமல் என்எம்டிஏ ஏற்பி மட்டும் கொண்டு மௌனமாகக் கிடக்கும் சினாப்ஸ்கள் உண்டு என்பதும், அவை தூண்டலுக்குப் பின் பேசத் தொடங்குகின்றன என்பதும் 1995இல் தெரியவந்தது. வளர்ந்த மூளையில் ஏற்பிகள் ஓரிடத்தில் அறைந்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அவை சவ்வின் மீது நகர்கின்றன, உள்ளே இழுக்கப்படுகின்றன, மீண்டும் வெளியே அனுப்பப்படுகின்றன. பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் ஓர் இணைப்பிலும் இந்தப் போக்குவரத்து நிற்பதில்லை. வருவதும் போவதும் சமமாக இருப்பதால் பலம் மாறாமல் தெரிகிறது.

இனி கிரிக்கின் கேள்விக்கு வருவோம். அந்தக் குறிப்பு வந்த மறு ஆண்டே, பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லிஸ்மன் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். தன்னைத் தானே பாஸ்பேட் ஏற்றிக்கொள்ளும் ஒரு கைனேஸ் இருந்தால், அது ஒருமுறை எழுந்தபின் எழுந்தே இருக்கும். பழைய மூலக்கூறு போய்ப் புதியது வந்தாலும் அக்கம்பக்கத்தில் இருப்பவை அதன்மீது பாஸ்பேட்டை ஏற்றிவிடும். காகிதத்தில் எழுதிய இந்தக் கைனேஸுக்கு உடம்பு கொடுக்கக் காத்திருந்ததைப் போல வந்து நின்றது காம்கைனேஸ்-2. மூளையின் மொத்தப் புரதத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் இதுவே. ஒரு நொதிக்கு இது நம்ப முடியாத அளவு. அமைப்பும் அப்படியே பொருந்தியது. பன்னிரண்டு உறுப்புகள், ஆறு ஆறாக இரண்டு வளையங்கள். கால்மோடுலின் வந்து தொட்டதும் பக்கத்து உறுப்புகள் ஒன்றின்மீது ஒன்று, 286ஆம் இடத்தில், பாஸ்பேட் ஏற்றுகின்றன. அதன்பின் கால்சியம் போய்விட்டாலும் நொதி வேலையை நிறுத்துவதில்லை.

சோதனைகளும் கைகொடுத்தன. 1992இல் சுசுமு டோனேகாவாவின் ஆய்வகத்தில் அல்சினோ சில்வா இந்த நொதியின் ஒரு வகையை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார். அவற்றின் ஹிப்போகாம்பஸில் இணைப்புகள் சரிவர வலுப்பெறவில்லை. தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று கற்றுக்கொள்வதிலும் அவை தடுமாறின. 1998இல் இன்னும் நுட்பமாக, நொதியை அப்படியே விட்டுவிட்டு 286ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். அந்த ஒற்றை மாற்றமே போதுமாக இருந்தது. பிறகு 2014இல், விழித்தெழுந்த காம்கைனேஸ்-2 தன் உறுப்புகளைப் பக்கத்து நொதியோடு பரிமாறிக்கொள்கிறது என்று ஜான் குரியனின் குழு காட்டியபோது, கிரிக் கற்பனை செய்த பெயர்த்தெழுத்து கண்முன் நடப்பதுபோல் இருந்தது.

ஆனால் அழகான கோட்பாடு உண்மையாக இருந்தே தீர வேண்டும் என்று இயற்கைக்குக் கட்டாயம் இல்லை. 2009இல் ரியோஹெய் யசுடாவின் குழு, உயிருள்ள நரம்பணுவின் ஒற்றை முள்ளுக்குள் இந்த நொதி எழுவதையும் அடங்குவதையும் ஒளியால் அளந்தது. தூண்டியதும் நொதி எழுந்தது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. முள்ளோ அதற்குப் பின்னும் பெருத்தே இருந்தது. ஆண்டுக்கணக்கில் எரியும் என்று எதிர்பார்த்த நொதி ஒரு நிமிடம்தான் எரிந்தது என்றால், அது நினைவைத் தொடங்கி வைக்கிறது என்று சொல்லலாம். சுமக்கிறது என்று சொல்ல முடியாது. 2023இல் உல்லி பேயரின் குழு மேலும் ஒரு கல்லை எறிந்தது. இணைப்பு வலுப்பெறுவதற்கு இந்த நொதி மற்ற புரதங்கள்மீது பாஸ்பேட் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை, அது போய் என்எம்டிஏ ஏற்பியோடு பிணைந்து நின்றால் போதும் என்றது அவர்களின் முடிவு. நொதியாக மட்டுமே முப்பது ஆண்டுகளாகப் பார்த்த ஒன்று, கட்டுமானப் பொருளாகவும் வேலை செய்கிறது. அதன் அளவு ஏன் அவ்வளவு அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

சுமப்பது வேறு யார்? டாட் சாக்டர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பெயர் பிகேஎம்-ஜீட்டா. இதுவும் ஒரு கைனேஸ்தான்; ஆனால் தன்னை அடக்கும் பகுதி இல்லாமலே உருவாவதால் எப்போதும் விழித்தே இருப்பது. 2006இல் அவரும் ஆண்ட்ரே ஃபென்டனும் சகாக்களும் ‘ஜிப்’ என்ற தடுப்புப் பொருளை எலியின் ஹிப்போகாம்பஸில் செலுத்தினார்கள். சுழலும் மேடையில் மின்னதிர்ச்சி கிடைக்கும் பகுதியைத் தவிர்க்கக் கற்றிருந்த எலிகள், ஒரு மாதம் கழித்தும்கூட அந்தப் பாடத்தை இழந்தன. பெரும் பரபரப்பு. 2013இல் இரண்டு ஆய்வகங்கள் இந்த நொதியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தன. அவற்றுக்கு நினைவு நன்றாகவே இருந்தது. ஜிப் கொடுத்தால், தடுப்பதற்கு அந்த நொதியே இல்லாத அவற்றின் நினைவும் அழிந்தது. சாக்டரின் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். 2016இல் அவர் பதில் தந்தார்: பிறவியிலேயே நொதி இல்லாத சுண்டெலிகளில் அதன் நெருங்கிய உறவான மற்றொரு கைனேஸ் அந்த இடத்தை நிரப்புகிறது. 2024இல் அவரும் ஃபென்டனும் அடுத்த படிக்குப் போனார்கள். தூண்டப்பட்ட சினாப்ஸ்களில் கிப்ரா என்ற புரதம் தங்கி, புதிதாக வரும் பிகேஎம்-ஜீட்டாவை அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்துகிறது என்றார்கள். இந்த இரண்டின் பிணைப்பை மருந்தால் குலைத்தால் பழகிய நினைவு கலைகிறது. பிகேஎம்-ஜீட்டா இல்லாத சுண்டெலிகளில் அதே மருந்து எதையும் கலைப்பதில்லை. தனித்தனி மூலக்கூறு எதுவும் நிலைப்பதில்லை, அவற்றின் சேர்க்கை நிலைக்கிறது. கிரிக் கேட்டதற்கு மிக அருகில் வரும் பதில் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் இந்தத் துறையின் வரலாற்றைப் பார்த்தவர் யாரும் இதை இறுதித் தீர்ப்பு என்று அறிவிக்க மாட்டார்.

இவ்வளவும் ஏற்கும் பக்கத்தின் கதை. அனுப்பும் பக்கமும் ஏற்பவரின் சொல் கேட்டு நடக்கும் என்பதை 2001இல் மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கண்டன. அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட நரம்பணு, தன் சவ்வின் கொழுப்பிலிருந்தே எண்டோகன்னாபினாய்டு என்ற பொருளை உருவாக்கிப் பின்னோக்கி அனுப்புகிறது. அது எதிர்முனையின் ஏற்பியைத் தொட்டு, அங்குள்ள கால்சியம் வாயில்களை அடக்கி, சில பத்து வினாடிகளுக்குக் கடத்தி வெளியாவதைக் குறைக்கிறது. கஞ்சாவின் போதைப்பொருள் தொடுவதும் இதே ஏற்பியைத்தான். அடினோசினும் தன் ஏற்பி வழியே இதையே செய்கிறது. நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அது சேர்கிறது. காலையில் குடிக்கும் காபியில் உள்ள காஃபின் அந்த ஏற்பியை மறித்து அடினோசினைத் தொடவிடாமல் செய்கிறது.

வலுவாக்குவதும் தளர்த்துவதும் ஒவ்வொரு சினாப்ஸிலும் தனித்தனியே நடந்துகொண்டிருந்தால், வலுத்தது மேலும் வலுத்து ஒரு கட்டத்தில் மூளை வலிப்பில் போய் முடியாதா? ஜினா டுரிஜியானோவின் குழு 1998இல் இதற்குப் பதில் தேடியது. வளர்ப்புக் கிண்ணத்தில் இருந்த எலியின் நரம்பணுக்களை 48 மணி நேரம் நஞ்சு கொண்டு மௌனமாக்கினார்கள். அவை தம் சினாப்ஸ்கள் அனைத்தின் பலத்தையும் ஒரே விகிதத்தில் ஏற்றிக்கொண்டன. மாறாக அதிகமாகத் தூண்டினால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் இறக்கின. கற்றதில் எது எதைவிடப் பெரியது என்ற விகிதம் கெடுவதில்லை. இந்த ஏற்றத்துக்கு நரம்பணு அல்லாத கிளியா செல்கள் வெளியிடும் டிஎன்எஃப்-ஆல்ஃபா தேவை என்று 2006இல் தெரிந்தது. வீக்கத்தையும் காய்ச்சலையும் ஆளும் ஒரு சமிக்ஞை, மூளையின் அன்றாடப் பராமரிப்பிலும் பங்கெடுக்கிறது.

இப்படி ஒரே மூலக்கூறு உடம்பின் பல இடங்களில் பல வேலைகள் செய்வதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் நாள்தோறும் விழுங்கும் டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் தடுப்பது கால்சினியூரினை. மேலே இணைப்பைத் தளர்த்தும் நொதி என்று பார்த்தோமே, அதையே. வெள்ளணுக்களில் அதைத் தடுத்தால் ஒட்டிய உறுப்பு தப்பிக்கிறது. அந்த மருந்துகளை எடுப்பவர்களில் பலருக்குக் கை நடுக்கமும் சிலருக்கு வலிப்பும் வருவது அறிந்த பக்கவிளைவுகள்.

இந்த ஆய்வுகளை நான் விடாமல் தொடர்வதற்கு முக்கியக் காரணம் சின்கேப் என்ற புரதம். முள்ளுக்குள் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் இதுவும் ஒன்று. ஆம்பா ஏற்பிகள் மேற்பரப்புக்கு வருவதை ஊக்கும் ஒரு சமிக்ஞையை இது அடக்கி வைத்திருக்கிறது. காம்கைனேஸ்-2 இதன்மீது பாஸ்பேட் ஏற்றினால் சின்கேப் முள்ளைவிட்டு விலகுகிறது, இணைப்பு வலுப்பெறுகிறது. இதன் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானால் புரதம் பாதியாகக் குறைந்து, குழந்தைக்கு அறிவுத்திறன் குறைபாடும் வலிப்பும் பல சமயம் ஆட்டிசமும் வருகின்றன. மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2009இல் இந்தத் தொடர்பை நிறுவினார்கள். 2012இல் கேவின் ரம்பாவின் ஆய்வகம் சுண்டெலிகளில் கண்டது மனத்தைச் சோர்வடையச் செய்தது. பிறந்த முதல் சில வாரங்களிலேயே சினாப்ஸ்கள் அவசரமாக முதிர்ந்து விடுகின்றன. வளர்ந்த பிறகு மரபணுவைச் சரிசெய்தும் அன்று சோதித்த நடத்தைகளில் முன்னேற்றம் இல்லை. குழந்தைப் பருவம் கடந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றுதான் அதைப் படித்த பெற்றோர் எவரும் புரிந்துகொண்டிருப்பார்கள்.

அதே ஆய்வகம் 2019இல் வேறு அளவுகோல்களோடு மறுபடியும் பார்த்தது. வளர்ந்த சுண்டெலிகளில் சின்கேப்பை மீட்டபோது, வலிப்புக்கு ஆளாகும் தன்மை குறைந்தது. நாட்பட்ட நினைவைத் தக்கவைக்கும் திறன் மேம்பட்டது. எல்லாக் குறைகளும் நீங்கவில்லை. ஆனால் சின்கேப் மூளையை வளர்க்கும் பருவத்தில் மட்டும் தேவைப்படும் புரதம் என்றால், முதிர்ந்த மூளையில் அதைத் திருப்பித் தருவதால் எந்தப் பயனும் இருந்திருக்கக் கூடாது. அது அங்கே இன்றும் அன்றாட வேலையில் இருக்கிறது. எஞ்சியுள்ள நல்ல பிரதியைக் கூடுதலாக உழைக்க வைக்கும் சிகிச்சைகளைப் பல குழுக்கள் இப்போது உருவாக்கி வருகின்றன. அவை மனிதரிடம் சோதிக்கப்படும்போது இருபது வயதானவரையும் முப்பது வயதானவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்கு அறிவியலில் இனி நியாயம் இல்லை.